வட்டி குறைவதற்காக நிறுத்திய வெந்நீர்

அந்த முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடிக்குப் பொறுப்பாக இருந்தவளை எல்லோரும் மேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்துக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நடையும் குரலும் அப்படி. பெயர் வைத்தது மூலை அறையில் இருந்த டீச்சர். நாற்பது வருஷம் பிள்ளைகளை அதட்டியவர், ஓய்வு பெற்ற பிறகும் அதட்டுவதை விடவில்லை. முதல் வாரத்திலேயே, "மேஜர் வர்றா, எல்லாரும் படுத்தபடியே சல்யூட் அடிங்க" என்றார். அது ஒட்டிக்கொண்டது.

மேஜர் இந்த வேலைக்குப் பிறந்தவள் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. நாத்தனார்கள் அழுதுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். புரட்டிப் போடத் தெரியாமல் மாமியாரின் குதிகாலில் படுக்கைப் புண் வரவைத்தவளும் அவள்தான், அதை ஆற்றியவளும் அவள்தான். மாமியார் போன பிறகு, வீட்டுக்கு வந்துபோன நர்ஸ் சொன்னாள்: "உனக்கு இது கைவந்துடுச்சு. இனிமே சும்மா செய்யாதே, சம்பளத்துக்குச் செய்." மேஜர் பயிற்சிக்குப் போனாள், சான்றிதழ் வாங்கினாள், வேலையில் சேர்ந்தாள். அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். "நீ ஆளைத் தூக்குற, நான் பெட்டியைத் தூக்குறேன். கடைசில ரெண்டு பேர் இடுப்பையும் யாருடி தூக்குறது?" என்பான்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. "என் மாடியில புண் கிடையாது." இதைப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். சொந்தக்காரர்களிடம் சொல்வாள், டாக்டரிடம் சொல்வாள், மருந்து கொண்டு வருகிற பையனிடம்கூடச் சொல்வாள். உண்மையும் அதுதான்.

புண் வராமல் இருப்பதில் பாதி வெந்நீர். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. பச்சைத்தண்ணீர் பட்டால் உடம்பு விறைக்கும். விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியாது. இழுத்தால் தோல் உரியும். அந்த மாடியில் தபால்காரர் என்று ஒருவர் இருந்தார். வாழ்நாளெல்லாம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவர். வாதம் வந்து வலது கை மூடிக்கொண்டுவிட்டது. இறுக்கி மூடிய கை. நகம் உள்ளங்கையைக் குத்தும், வியர்வை தங்கும், நாற்றம் வரும், புண்ணாகும். அந்தக் கையை எந்தப் பலசாலியாலும் திறக்க முடியாது. வெந்நீரில் கொஞ்ச நேரம் அமிழ்த்தி வைத்தால் அதுவாகத் திறக்கும். திறந்திருக்கும்போதே கழுவி, துடைத்து, நகம் வெட்டி, ஒரு துணிச் சுருளை உள்ளே வைத்துவிட வேண்டும். மேஜர் தினமும் காலையில் செய்தாள். இதில் கனிவு ஒன்றும் இல்லை. செய்யாவிட்டால் கை அழுகும், அவ்வளவுதான்.

இந்த இல்லத்தை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. ஏற்கெனவே அதனிடம் ஊரெங்கும் இப்படி இல்லங்கள் இருந்தன. இன்னும் வாங்குவதற்காக வங்கியில் கடன் வாங்கியது. சாதாரணக் கடன் இல்லை. மின்சாரச் செலவு குறையக் குறைய வட்டியும் குறையும் என்று ஒப்பந்தம் போட்ட கடன். கம்பெனி பூமியைக் காப்பாற்றுகிறது என்று பத்திரிகையில் படம் வந்தது. ஒரு திங்கட்கிழமை மேலாளர் எல்லோரையும் கூட்டி, சுவரில் பச்சை இலை வரைந்த தாள் ஒன்றை ஒட்டினார். இனி தண்ணீர் சூடேற்றும் இயந்திரம் புதன்கிழமை மட்டும் ஓடும். மற்ற நாளில் அந்த அறைக்குப் பூட்டு.

"நம்ம எல்லாரும் சேர்ந்து பூமிக்குச் செய்யற உதவி இது" என்றார் மேலாளர்.

"பூமிக்குள்ளதானே தம்பி சீக்கிரம் போகப்போறேன்" என்றார் டீச்சர். "அப்ப நேர்லயே விசாரிச்சுக்கறேன், உதவி வந்து சேந்துச்சான்னு."

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய்ப் பூட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டார். அவர் அறையின் குளிர்சாதனம் நிற்கவில்லை. அது அலுவலகப் பயன்பாடாம், வேறு மீட்டராம்.

மேஜர் சண்டை போட்டாள். மேலாளர் கைவிரித்தார். "மேலிடத்து உத்தரவும்மா. நான் என்ன செய்ய?" இந்த வாக்கியத்தை ஒரு மனிதன் எத்தனை தரம் சொன்னாலும் வாய் வலிப்பதில்லை.

அப்போதுதான் மேஜர் அந்தத் தப்பைச் செய்தாள். இந்தத் தொழிலில் இருப்பவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கீழே சமையலறை இருந்தது. அதைக் கம்பெனி வேறொரு ஆளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. அடுப்பு, கேஸ் எல்லாம் குத்தகைக்காரருடையது. சமையல்காரி நல்லவள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"என் அடுப்புல எத்தனை அண்டா வேணும்னாலும் வெச்சுக்கோ" என்றாள். "கேஸ் எங்க முதலாளி தலையில. அவன் மூஞ்சிக்கு இன்னும் கொஞ்சம் செலவாகட்டும்."

மறுநாளிலிருந்து மேஜரும் அவளுக்குக் கீழே வேலை பார்த்த பெண்களும் வேலை நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்தார்கள். அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, மூடி போட்ட வாளிகளில் ஊற்றி, படியேறிக் கொண்டுபோனார்கள். லிஃப்ட் அந்த நேரத்தில் ஓடாது, மின்சாரச் சிக்கனம். ஒருத்திக்குக் காலில் கொப்புளம். இன்னொருத்தி, எல்லோருக்கும் இளையவள் என்பதால் சின்னவள் என்று கூப்பிடுவார்கள், அவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கூலி கிடையாது, கேட்கவும் இல்லை. தபால்காரரின் கை தினமும் திறந்தது. மாடியில் புண் வரவில்லை. மேஜர் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

சில மாதங்கள் கழித்து ஆராய்ச்சிக்காரி வந்தாள். பொருளாதாரம் படித்தவள், பல்கலைக்கழகத்தில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். அலட்டல் இல்லாதவள். பெண்களோடு உட்கார்ந்து அவர்கள் டீயையே குடித்தாள். எப்போதும் பத்து மணிக்கு மேல்தான் வருவாள், அதற்குள் குளியலெல்லாம் முடிந்திருக்கும்.

"என்னம்மா தேடுறீங்க இங்க?" என்று மேஜர் கேட்டாள்.

"மூணு விஷயம்க்கா. கம்பெனி வளரணும். கரண்டும் தண்ணியும் மிச்சமாகணும். அதே நேரத்துல கீழ இருக்கிறவங்களுக்குக் குறை வரக்கூடாது. மூணும் ஒரே இடத்துல சேர்ந்து நடக்குதான்னு பாக்குறேன். நிறைய இடத்துல மூணாவது அடி வாங்கிடுது."

"இங்க அப்படி இல்ல."

"வெந்நீர் குறைச்சதுக்கு அப்புறம் கவனிப்புல ஏதாவது மாற்றம்? புண்ணு, காய்ச்சல், ஏதாவது?"

மேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் கையில இருக்கிறவங்களுக்கு ஒரு குறையும் வராது. போய்ப் பாருங்க. என் மாடியில புண் கிடையாது."

ஆராய்ச்சிக்காரி போய்ப் பார்த்தாள். புண் இல்லை. எழுதிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த சின்னவள் வாயைத் திறக்கப் போனாள். மேஜர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் மேலாளர் வாய் கொள்ளாச் சிரிப்போடு மாடிக்கு வந்தார். ஆராய்ச்சியின் முதல் சுருக்கம் கம்பெனிக்கு வந்திருந்தது. நின்றபடி வாசித்தார். இந்த இல்லம் மின்சாரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்திருக்கிறது, முதியவர்களின் உடல்நலத்தில் சரிவு எதுவும் இல்லை, இது மற்ற இடங்களுக்கும் ஏற்ற முன்மாதிரி. வங்கி வட்டியைக் குறைத்துவிட்டது. பங்குதாரர்களுக்குப் போன வருஷத்தைவிடக் கூடுதல் லாபம். அடுத்த மாதத்திலிருந்து கம்பெனியின் எல்லா இல்லங்களிலும் இதே ஏற்பாடு. இங்கே புதன்கிழமையும் தேவையில்லை என்று முடிவு, இயந்திரத்தையே கழற்றி விற்கப்போகிறார்கள்.

"எல்லாப் பெருமையும் உங்களுக்குத்தாம்மா" என்று மேஜரைப் பார்த்துக் கைதட்டினார்.

மேஜர் பக்கத்தில் நின்ற சின்னவளின் தோள்பட்டையைப் பார்த்தாள். அவர் கைதட்டிக்கொண்டே இருந்தார்.

அன்று வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. புருஷன் ரொட்டியை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"லிஃப்டுக்கு நாலஞ்சு கயிறு இருக்கும், தெரியுமா?" என்றான். "ஒண்ணு அறுந்தாலும் மத்ததெல்லாம் தாங்கும். நான் போய் ஓனர்கிட்ட, கயிறு அறுந்திருக்கு சார், மாத்தணும்னு சொல்வேன். அவன் ஏறி ஒரு தடவை மேல போய்ட்டு கீழ வருவான். நல்லாத்தானே ஓடுதுன்னுவான். மாத்தவே மாட்டான்."

"நீ என்ன பண்ணுவ?"

"லிஃப்டை நிறுத்திப் பூட்டிட்டு வந்துடுவேன். கத்துவான். கத்தட்டும்."

"உன் லிஃப்டுக்குக் குளிராதுய்யா" என்று மேஜர் சீறினாள். "அதுக்குக் கை அழுகாது."

ஆனாலும் மறுநாள் அவள் அதைத்தான் செய்து பார்த்தாள். அண்டா வைக்க வேண்டாம் என்று சமையல்காரியிடம் சொன்னாள். எல்லோருக்கும் தெரியட்டும், புண் வரட்டும், அப்போது புரியும். தபால்காரரைக் குளியல் நாற்காலியில் உட்காரவைத்து, சட்டையைக் கழற்றி, பச்சைத்தண்ணீரைக் குவளையில் மொண்டாள். அவர் பார்த்தார். வாளியிலிருந்து ஆவி வரவில்லை என்பதைக் கண்டுகொண்டார். மூடிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "பரவால்லம்மா, ஊத்து" என்றார். வாய் கோணலாகத்தான் பேசுவார், ஆனால் அது தெளிவாகவே கேட்டது.

மேஜர் ஊற்றவில்லை. குவளையைச் சுவரில் எறிந்தாள். அவரைப் போர்வையால் சுற்றிவிட்டுக் கீழே போய், தானே அடுப்பைப் பற்றவைத்தாள்.

அண்டா காய்கிற நேரத்தில் ஆராய்ச்சிக்காரிக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வாங்க. பத்து மணிக்கு இல்ல. விடியறப்ப வாங்க. பின்பக்கக் கதவு வழியா."

ஆராய்ச்சிக்காரி வந்தாள். சமையலறையில் அண்டாக்கள் கொதிப்பதைப் பார்த்தாள், வாளிகளோடு பெண்கள் படியேறுவதைப் பார்த்தாள். மேஜர் ஒரு வாளியை அவள் கையிலும் கொடுத்தாள். பாதிப் படியில் அவள் நின்று மூச்சு வாங்கினாள். மேலே போனதும், தபால்காரரின் கை தண்ணீருக்குள் ஒவ்வொரு விரலாக அவிழ்வதைக் கடைசிவரை நின்று பார்த்தாள். பிறகு நடைபாதைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. ஏறியதால் மட்டும் இல்லை.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"பூட்டுப் போட்ட நாள்லேர்ந்து."

"நான் உங்ககிட்டக் கேட்டேனேக்கா! வெந்நீர் குறைஞ்சதால என்ன ஆச்சுன்னு வாயைத் திறந்து கேட்டேன். ஒண்ணும் ஆகலன்னு சொன்னீங்க. நீங்க பொய் சொன்னா என் ஆராய்ச்சி என்ன செய்யும்?"

"நான் எங்க பொய் சொன்னேன்? குறை வந்துச்சா? வரல. யாரு செலவுல வரலன்னு நீங்க கேக்கல."

"உங்களுக்குச் சொல்லத் தோணலையா?"

மேஜர் வாளியின் மூடியை எடுத்துப் போட்டு அழுத்தினாள்.

"தோணியிருக்கும். சொன்னா உங்க மாடிக்கு இருக்கிற பேரு போயிடும்னு பயந்தீங்க. உங்க பேருக்காக நான் முன்மாதிரின்னு எழுதிட்டேன். இப்ப அதை வெச்சு எல்லா இல்லத்துலயும் பூட்டுப் போடப் போறாங்க. என் கையெழுத்து இருக்குக்கா அதுல!"

மேஜரைப் பார்த்து யாரும் அப்படிக் கத்தி வெகு காலம் ஆகியிருந்தது. சின்னவள் வாளியைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மேஜர் பதிலுக்குக் கத்தத்தான் மூச்சை இழுத்தாள். ஆனால் வெளியே வந்தது வேறு.

"சரி. தப்புத்தான். நீ என்னைத் திட்டு, நான் உன்னைத் திட்டுறேன், எல்லாம் அப்புறம். பங்குதாரனுக்குப் போச்சே அந்தக் கூடுதல் லாபம், அது இந்தப் பிள்ளை தோள்பட்டைலேர்ந்து போச்சு. வட்டி குறைஞ்சுது, அதுவும் இந்தப் படிக்கட்டுலதான் குறைஞ்சுது. கரண்ட் எங்க மிச்சமாச்சு? கேஸா மாறிக் கீழ எரியுது. இதை எழுதுவியா மாட்டியா?"

கோபத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"எழுதுவேன்" என்றாள் ஆராய்ச்சிக்காரி. "இன்னிக்கே எழுதி அனுப்புறேன். ஆனா அறிக்கை அச்சுக்குப் போயிடுச்சு. கம்பெனியும் சும்மா விடாது. மாத்துவாங்களான்னு எனக்கு உறுதியாச் சொல்ல முடியாது."

"நீ எழுது. அது மாறுற வரைக்கும் இவரு கை காத்துட்டு இருக்காது. அதை நான் பாத்துக்கறேன்."

அவள் எழுதி அனுப்பினாள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். அதற்குக் கம்பெனி என்ன செய்தது? வெந்நீர் இயந்திரத்தைத் திறந்ததா? இல்லை. சமையலறை அடுப்பில் குளியலுக்குத் தண்ணீர் வைக்கக் கூடாது, பாதுகாப்புக் குறைவு, மீறினால் வேலை போகும் என்று ஒரு உத்தரவு அனுப்பியது. குத்தகைக்காரர் வந்து அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சமையல்காரி அவர் காதுபடவே அவரை ஏழு தலைமுறைக்கும் விசாரித்தாள்.

மறுநாள் காலையில் மேஜரும் பெண்களும் எல்லா வேலையும் செய்தார்கள். புரட்டிப் படுக்கவைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், கஞ்சி ஊட்டினார்கள், ஈரமான துணிகளை மாற்றினார்கள். குளியலுக்கு மட்டும் யாரையும் கூட்டிப்போகவில்லை. வாளிகளைக் குளியலறை வாசலில் வரிசையாகக் கவிழ்த்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். டீச்சர் தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து வரிசைக் கடைசியில் நிறுத்தினார்.

"நானும்தான்" என்றார். "என்னால கவிழ்ந்த வாளியில உக்கார முடியாது. இதையே வாளின்னு வெச்சுக்கோங்க."

மேலாளர் ஓடி வந்தார். "என்னம்மா இது? வேலையை நிறுத்துறது சட்ட விரோதம். சொந்தக்காரங்க வருவாங்க. நாத்தம் அடிக்கும்."

"அடிக்கட்டும். வர்றவங்க மூக்கால தெரிஞ்சுக்கட்டும்."

"நான் மேலிடத்துல சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை." மேஜர் எழுந்தாள். தபால்காரரிடம் போய்க் குனிந்து காதில் ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டினார். நாற்காலியைக் குளியலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள், சட்டையை அவிழ்த்தாள். விலா எலும்புகளும், குறுகிய தோள்களும், நெஞ்சோடு ஒட்டியிருந்த அந்தக் கையும் வெளியே தெரிந்தன. குழாயைத் திறந்து ஒரு குவளை மொண்டு மேலாளரிடம் நீட்டினாள்.

"நாங்க ஊத்த மாட்டோம். உத்தரவு உங்களுது, நீங்க ஊத்துங்க. இவரு ஒத்துக்கிட்டாரு. நான் பிடிச்சுக்கறேன். இவரு உடம்பு தூக்கிப் போடும், பயப்படாதீங்க. அப்புறம் அந்தக் கையைத் திறந்து நகம் வெட்டுங்க."

மேலாளர் குவளையை வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் வாங்கியது புரிந்தது. அவருக்கும் வீட்டில் அப்பா இருந்தாரோ என்னவோ, அதெல்லாம் யாருக்கும் தெரியாது, தெரிந்து ஆக வேண்டியதும் ஒன்றும் இல்லை. குவளை சாய்ந்து ஒரு துளி தபால்காரரின் தொடையில் விழுந்தது. அவர் உடம்பு முழுக்க ஒரு முறை வெட்டியது. சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலாளரை அண்ணாந்து பார்த்து, "பரவால்ல சார்" என்றார்.

"அவரு எல்லாருக்கும் அதைத்தான் சொல்வாரு" என்றாள் மேஜர். "அதை வெச்சு முன்மாதிரின்னு எழுதிடாதீங்க."

மேலாளர் குவளையைக் கீழே வைத்தார். இடுப்பு வாரிலிருந்து சாவியைக் கழற்ற முயன்றார். வரவில்லை. வாரையே கழற்றிச் சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்தார். இயந்திரம் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. யாரும் கைதட்டவில்லை.

அந்த மாதம் இல்லத்தின் மின்சாரச் செலவு ஏறியது. அடுத்த மாதமும் ஏறியது. மேலாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். மேஜரை வேலையை விட்டு நீக்குவோம் என்று ஒரு கடிதம் வந்தது. டீச்சரின் மகன் வக்கீல், அவன் ஒரு பதில் கடிதம் போட்டான். அதற்கப்புறம் பேச்சில்லை. இயந்திரத்தைக் கழற்ற யாரும் வரவில்லை. அறிக்கை அச்சாகி வந்தது. முன்மாதிரி என்ற வரி அப்படியே இருந்தது. ஆராய்ச்சிக்காரி எழுதி அனுப்பியது கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில் இருந்தது. அவள் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிச் சண்டை போட்டாள், அது தோற்றது. இப்போது வேறு இல்லங்களுக்கு விடியற்காலையில் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். முடிய இரண்டு வருஷம் ஆகும் என்கிறாள்.

ஒரு விடுமுறை நாளில் மேஜர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத குரல். கம்பெனியின் இன்னொரு இல்லத்தில் வேலை பார்க்கும் பெண்.

"அக்கா, மேஜரம்மா நீங்கதானே? எங்க மேலாளர் ஒரு புஸ்தகத்தைக் காட்டி, உங்க இல்லத்துல பச்சைத்தண்ணியிலயே நல்லாப் பாத்துக்கறாங்களாம், உங்களால ஏன் முடியலன்னு கேக்குறாரு. அது எப்படிக்கா செய்யறீங்க? கொஞ்சம் சொல்லித் தாங்கக்கா."

மேஜர் ஈரத் துணியைத் திரும்ப வாளியில் போட்டாள்.

"செய்யலம்மா. செய்யவே இல்ல. அது பொய்யி. நீங்க இப்ப என்ன பண்றீங்க?"

"வீட்டுலேர்ந்து ஆளுக்கு ஒரு பிளாஸ்க் கொண்டு வர்றோம்."

"நிறுத்துங்க!"

"எப்படிக்கா நிறுத்துறது? ஒரு பாட்டிம்மா இருக்காங்க, குளிர்ல அழுவாங்க. பாவமா இருக்குக்கா."

அண்டாவை நிறுத்திப் பார்த்த நாளில் மேஜராலும் முடியவில்லை. கோபம் மறுபடியும் வந்தது.

"எந்த இடம் சொல்லு. எந்த பஸ்ஸு வரும்?" என்றாள். "உங்க மேலாளர் இன்னிக்கு எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?"

உள்ளே போய்ச் செருப்பை மாட்டினாள். புருஷன் கட்டிலில் இருந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னிக்கு லீவுன்னியே. எங்க கிளம்பிட்ட?"

"ஒரு ஆளு கையில குவளையைக் கொடுக்கணும்" என்றாள் மேஜர். "துணியை நீ காயப்போடு."